ருசி பாராத அக்காவின் கோழிப் பொரியல்

அக்கா கண்ணை மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் தேவார திருவாசகங்கள் இருக்கின்றன. பின்னால் உறவினர்களின் இரங்கல் உரைகள் இருக்கின்றன. நடுவில் அக்காவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு, ஒரே தம்பி என்ற உரிமையில், என் தலையில் விழுந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சைக்கிள் திருத்தப் போனவன். எனக்கு எழுத்து வராது, கதைதான் வரும். கடை வாசலில் குந்தியிருந்து கதைப்பதுபோலத்தான் இதையும் எழுதுகிறேன். படித்த பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் கொக்குவிலில், இதே வீட்டில். எங்கள் ஐயா, அதாவது தகப்பனார், தீட்சை பெற்ற சைவர். மச்சம் என்று நாங்கள் சொல்லும் மீனும் இறைச்சியும் இந்த வீட்டுப் படலைக்குள் நுழைந்ததில்லை. நான் வளர்ந்தபின் கடைகளில் ஒளித்துத் தின்றேன் என்பது வேறு கதை. அக்கா அப்படியில்லை. அம்மா நேரத்தோடு போய்விட, பாவாடை கட்டும் வயதிலேயே அகப்பையைக் கையில் எடுத்தவர். அவர் வைத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். “உந்தப் பிள்ளையின்ரை கையை வெட்டி எங்கடை குசினியிலை நட்டாலும் முளைக்கும்” என்று பக்கத்து வளவு ஆச்சி ஒருவர் சொல்வார். நல்ல வாக்குத்தான், கேட்கத்தான் கொஞ்சம் பயம்.

அக்காவுக்குச் சாவகச்சேரியில் மாப்பிள்ளை அமைந்தது. அத்தான் கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் கிளாக்கர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், மேய்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ஐயாவும் அதைச் சொல்லிக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். அத்தானின் சிரிப்பைக் கண்டதும் விட்டுவிட்டார். அப்படி ஒரு சிரிப்பு அது. அத்தான் மச்சம் தின்னும் குடும்பம். கலியாணப் பேச்சில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: தன்னைத் தின்னச் சொல்லக் கூடாது. அத்தான் ஓம் என்றார். கடைசிவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு சிறிய வீடு. ஒரு மகள் பிறந்தாள். என் மருமகள். மாதம் ஒருமுறை அத்தான் ஒரு சீனக் கடையில் பொரித்த கோழி வாங்கி, காகிதப் பையில் எண்ணெய் ஊற ஊறக் கொண்டுவருவாராம். அப்பாவும் மகளும் தின்ன, அக்கா யன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்ப்பாராம். எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழருக்கு எதிரான கலவரத்தில், அந்த வீட்டை எரித்தார்கள். அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது உடுத்த சேலையும் தோளில் பிள்ளையும்தான் அக்காவிடம் மிச்சம். கலியாணப் படம்கூட எரிந்து போயிற்று.

மூவரும் கொக்குவிலுக்கே வந்து சேர்ந்தார்கள். வீடு போனது பெரிதல்ல. அத்தான் போய்விட்டார் என்பதுதான் பெரிது. ஆள் இருந்தார், கதை இல்லை. தட்டில் போட்டதை விரலால் அளைந்துவிட்டு எழும்பிவிடுவார். கிணற்றுக் கட்டின்மேல் பொழுதுபடும்வரை இருப்பார். அயலில் உள்ளவர்கள் வந்து, என்ன நடந்தது, யார் அடித்தார்கள் என்று கேட்பார்கள். அத்தான் சிரிக்கப் பார்ப்பார். வராது. எங்கள் ஐயா ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, மனிசனைக் கிணத்தடியிலை தனிய விடாதை” என்றார். எனக்கு விளங்கியது.

அந்த நாட்களில் ஒருநாள் மத்தியானம், சாப்பிட இருந்த இடத்தில், மருமகள் கேட்டுவிட்டாள்: “அப்பா, அந்தக் கோழி இனி எப்ப வாங்கித் தருவியள்?” அத்தான் கை கழுவாமலே எழும்பிப் போனார். அக்கா பிள்ளையை ஏசவில்லை. பின்னேரம் என்னிடம் வந்து, “தம்பி, ஒரு கோழி வாங்கிக்கொண்டு வா. ஐயாவோடை நான் கதைக்கிறன்” என்றார்.

ஐயாவோடு என்ன கதைத்தார் என்று தெரியாது. ஐயா வைத்த சட்டம் மட்டும் தெரியும். கோழி குசினி அடுப்புக்கு வரக் கூடாது. பின்வளவில், முருங்கை மரத்துக்கு அங்கால் மூன்று கல்லு வைத்துச் சமைக்கலாம். சமைத்த கையோடு தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பொரிக்கிற தாச்சிச் சட்டியும் கரண்டியும் வேறு. மச்சம் சமைக்கும் சைவ வீடுகளில் இதெல்லாம் வழக்கந்தான். ஆனால் சமைக்கிறவர் தின்னாதவர் என்பதுதான் இங்கே வழக்கமில்லாதது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்புப் பார்க்க முடியாத கை என்ன செய்யும்?

முதற்கோழி எங்கள் ஊர்க்கோழி, வயல் வரம்பெல்லாம் ஓடித் திரிந்து வயிரம் பாய்ந்தது. மேலே மா பூசிப் பொரித்திருக்கும் என்று அத்தான் எப்போதோ சொன்னதை அக்கா நினைவில் வைத்திருந்தார். எங்கள் வீடுகளில் கோதுமை மா வாங்கிய உடனேயே அவித்து, அரித்து, பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் என்று பேணியில் போட்டு வைத்துவிடுவோம். பச்சை மா என்று ஒன்று வீட்டில் இராது. அக்கா அந்த அவித்த மாவைக் கோழியில் பிரட்டி எண்ணெயில் போட்டார். அவித்த மா எங்கே ஒட்டும்? எண்ணெய்க்குள் போனதும் மா கழன்று திருநீறு போலப் பரந்து, பிறகு கருகி, கோழி நிர்வாணமாக நடுவில் மிதந்தது. உப்பும் கூடிவிட்டது. அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கோலத்திலேயே கொண்டுவந்து அத்தானுக்கு முன்னால் வைத்தார்.

அத்தான் ஒரு காலை எடுத்துக் கடித்தார். இழுத்தார். பல்லை மாற்றி மறுபக்கத்தால் கடித்தார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அதைத் தட்டில் வைத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“இஞ்சேரும், இது இன்னும் சாகேல்லைப் போல கிடக்கு.”

கொக்குவிலுக்கு வந்தபின் அத்தான் முழுதாய்ச் சொன்ன முதல் வசனம் அதுதான். மருமகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அக்கா, அழுதுகொண்டே. உள்ளே சாய்மனைக் கதிரையில் இருந்த ஐயா செருமுவது கேட்டது. அவரும் சிரித்தார் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு அக்கா விடவில்லை. மனிசனுக்குக் கதை வர வேண்டுமென்றால் கோழி பொரிய வேண்டும் என்று அவருக்குள் ஒரு கணக்கு. ஒருமுறை இறைச்சி மெதுவாகட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பப்பாக்காயை அரைத்துப் பூசி இரவு முழுக்க வைத்தார். விடிய எடுத்தால் எலும்பு வேறு, இறைச்சி வேறு. அத்தான் அதைக் கரண்டியால் அள்ளி, “உதைப் பட்டர் மாதிரிப் பாணுக்குப் பூசலாம்” என்றார். இன்னொருமுறை வறுத்த அரிசிமாவில் பிரட்டினார். பொரிந்து வந்தது ஓடு மாதிரி. அதைக் கடித்துத்தான் அத்தானின் கடவாய்ப் பல்லொன்று போயிற்று. கேட்கிறவர்களிடமெல்லாம், கலவரத்தில் தப்பின பல்லு என்ரை மனிசியிட்டைத் தப்பேல்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தார். கலவரம் என்ற சொல்லை அவர் வாயால் நாங்கள் கேட்டது அதுதான் முதல்முறை.

அந்தக் காலத்தில்தான் கோட்டையிலிருந்து இராணுவம் அடித்த செல் குண்டுகளுக்குப் பயந்து குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து றீற்றாக்கா எங்கள் அடுத்த வளவுக்கு வந்து சேர்ந்தார். கடற்கரை மனிசி. குரல் கடலுக்கு மேலால் கேட்கும். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மஞ்சளும் உப்பும் போட்டு முதலில் அரைவாசி அவிய விட வேண்டும், பச்சை மாவில் முட்டை அடித்துத் தோய்க்க வேண்டும் என்று அவர்தான் வழி சொன்னார். “சாமிக்குப் படைக்கிற கையாலை கோழி பொரிக்க வெளிக்கிட்டால் கோழி பயப்பிடாதோ பிள்ளை” என்று நையாண்டியும் பண்ணினார். அன்று பொரிந்த கோழி கறுமுறு என்று வந்தது. அத்தான் எலும்பையும் சப்பி முடித்தார். பிறகு மெல்ல, “அதே ருசி” என்றார். அக்கா தலைமுழுகக் கிணற்றடிக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

அத்தான் எழும்பிவிட்டார். வளவுக்குள் கோழிக்கூடு அடித்தார். முட்டை விற்றார். கோறணமேந்து இல்லாமல் கோழி மேய்க்கிறார் என்று ஊர் பகிடி பண்ணியது. அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். எண்பத்தேழில், இந்திய இராணுவம் வந்த சண்டையில், கோயிலில் தஞ்சம் இருந்துவிட்டுத் திரும்பிவந்து பார்த்தபோது கூடு வெறுமையாய்க் கிடந்தது. அதையும் மறுபடி நிரப்பினார். பொரிக்கும் ஒவ்வொரு முறையும் முதல் துண்டை ஊதி ஆற்றி வாயில் போட்டு, உப்புக் காணாது, உறைப்புக் கூட என்று சொல்வது அவர் வேலை. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கோழி விஷயத்தில் அக்காவின் நாக்கு அத்தானின் வாய்க்குள்தான் இருந்தது.

தொண்ணூறில் மறுபடி சண்டை. பாதை பூட்டு, பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. எண்ணெய் விற்ற விலையில் தாளிப்பதே ஆடம்பரம். அக்காவுக்கு அந்த வருடங்களில் சலரோகம் என்ற நீரிழிவு பிடித்திருந்தது. அதற்கு மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, கிடைப்பது அருமை. குரக்கன் பிட்டும் பாகற்காய்ச் சாறுமாக நாளை ஓட்டினார். கண் மங்கத் தொடங்கியது. தொண்ணூற்றிரண்டில் அத்தான் கொழும்புக்குப் போய்க் குளிசை வாங்கிவருவதென்று முடிவெடுத்தார். அக்கா வேண்டாம் என்று மறித்தார். நானும் மறித்தேன். “போன உடனை வாறன். வரேக்கை பசியோடைதான் வருவன், கோழியை மறந்திடாதையும்” என்று சொல்லிவிட்டுக் கிளாலிக்கு வெளிக்கிட்டார். கடலேரியில் வள்ளம் ஏறியவரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அக்கரையில் இறங்கியவரைக் கண்டவர்கள் இல்லை. கொழும்புக்கு அவர் போய்ச் சேரவும் இல்லை.

இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் அக்காவைக் குறை சொன்னீர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவர் விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்து இலையில் படைப்போம். மச்சம் தின்றவர் என்றால் மச்சமும் வைப்போம். ஒரு வருடம் போனபின் உறவினர்கள் அக்காவிடம் வந்தார்கள். அத்தானுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும், ஆத்துமா அந்தரித்து நிற்கும், பொம்பிளைப் பிள்ளை உள்ள வீடு என்றார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு சொன்னார்:

“நான் கோழி பொரிச்சு அவருக்கு முன்னாலை வைப்பன். இலைக்கு முன்னாலை வைக்கமாட்டன். வைச்சால் நானே அவரைச் சாக்காட்டின மாதிரி.”

அழுத்தக்காரி என்று சிலர் சொல்லிப் போனார்கள். பொட்டு வைக்கிறா, பூ வைக்கிறா என்று கோயில் வீதியில் கதைத்தார்கள். அக்கா கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். பொட்டை நிறுத்தவில்லை.

போன வருடம், அக்கா போவதற்குச் சில மாதங்களுக்கு முன், தென்மராட்சியில் இருந்து ஒருவர் வந்தார். கடலேரி கடந்து வந்தவர். வவுனியாவில் ஒரு முகாமில் அத்தானைப் போல ஒருவரைக் கண்டதாகச் சொன்னார். தாடி வளர்த்து, மெலிந்து, ஆனால் அதே சிரிப்பாம். அடுத்தடுத்துக் கடப்பவர்களோடு வந்துவிடுவார் என்றும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்ன சொல்லா, உண்மையாகவே கண்டாரா, அறியேன். அவரை நான் குற்றம் சொல்லவும் இல்லை. தவிக்கிறவர்களுக்கு ஒரு சொல்லாவது கொடுக்கலாம் என்று நினைத்திருப்பார். அந்தச் சொல்லை அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கூட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பேட்டுக்கோழி. றீற்றாக்காதான் உரித்துக் கொடுத்தார். அக்கா துணியில் வடித்து வடித்துப் போத்தலில் சேர்த்து வைத்திருந்த எண்ணெய் முழுவதையும் தாச்சியில் ஊற்றினார். மருமகள் வேண்டாமென்றாளாம், அப்பா வந்தபிறகு பொரிக்கலாம் என்றாளாம். வாறவர் பசியோடை வருவார் என்று அக்கா சொன்னாராம். கோழி அரைப் பொரியலில் இருக்கும்போது குண்டு போடும் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டது.

வெளியில் அடுப்பு எரித்தால் விமானம் கேட்டவுடன் நெருப்பை அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், ஓடவேண்டும். எல்லாரும் அதைத்தான் செய்வோம். அக்கா விறகை இழுத்து மண்ணில் அமத்தினார். பிறகு, அந்த எண்ணெயை விட்டுவிட்டுப் போக மனம் வராமல், கொதிக்கக் கொதிக்கத் தாச்சியைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடினார். வேறு நாட்டில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், எண்ணெய்க்காக எந்த மனிசி இப்படிச் செய்வாள் என்று கேட்பார்கள். தடைக்குள் இருந்த எங்களுக்கு விளங்கும். பங்கர் வாசற்படியில் கண் மங்கல் ஏமாற்றியது. எண்ணெய் வலது காலில் கொட்டியது.

நான் கடையிலிருந்து ஓடிவந்தபோது றீற்றாக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா கத்தவில்லை. என்னைப் பார்த்து, “தம்பி, எண்ணெய் முழுக்கப் போச்சோ?” என்று கேட்டார். கோழித் துண்டுகள் மண்ணில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிக் கழுவி வைக்கச் சொன்னார். அத்தான் அன்றும் வரவில்லை. பிறகும் வரவில்லை.

பட்ட காலிலே படும் என்பார்கள். சலரோகக் கால் ஆறவில்லை. வைத்தியர்கள் தங்கள் கையில் இருந்ததைக் கொண்டு இயன்றதைச் செய்தார்கள். கையில் இருந்தது மிகக் குறைவு. கால்விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது. அத்தான் அவருக்காக வாங்கப் போன குளிசைகள் இருந்திருந்தால் அந்தக் கால் ஆறியிருக்குமா என்று ஒரு வருடமாக என்னை நானே கேட்கிறேன். விடை தெரிந்தால் மட்டும் என்ன?

கடைசிக்கு முதல் நாள் அக்கா தெளிவாகக் கதைத்தார். மகளையும் என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு சொன்னார்:

“எனக்குப் படைக்கிற இலையிலை கோழி வையாதேங்கோ. நான் மச்சம் தின்னாதவள் எண்டு ஊருக்கே தெரியும். கோழியைக் கண்டால், அது அவருக்கு எண்டு விளங்கிப்போடும். அவரையும் முடிச்சுப்போடுவியள்.”

அவரது எட்டுச் செலவன்று, மரக்கறி எல்லாம் சமைத்து இலை போட்டபின், ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்து எழும்பிக் குசினி வாசலுக்கு வந்தார். அவர் எழும்பி நடப்பதே அப்போது அரிது. “ஒரு கோழி வாங்கிப் பொரிச்சு வையுங்கோ” என்றார். “மருமோன் பிள்ளை எங்கையோ பசியோடை நிக்குது. வெளியிலை வேண்டாம். என்ரை அடுப்பிலையே பொரியுங்கோ.”

தீட்சை பெற்ற மனிதர். உள்ளியைக்கூட மணக்கிறது என்று தள்ளி வைக்கச் சொல்பவர். மருமகள்தான் வாய் திறந்தாள். “அம்மா வேண்டாமெண்டவ, அம்மப்பா.” ஐயா அவளைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், திரும்பிப் போனார். கோழி வைக்கவில்லை. அன்றிலிருந்து அத்தானுக்கு இருக்கிறவர்களுக்குரிய இடமும் இல்லை, இல்லாதவர்களுக்குரிய இடமும் இல்லை. ஐயாவும் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

சென்ற மாதம் மருமகள் என் கடைக்கு வந்தாள். சைக்கிள் சில்லுக்குள் இருந்த முள்ளை நான் எடுத்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

“அப்பாவுக்குப் படைப்பம் மாமா.”

அம்மா சொன்னதை மறந்துவிட்டாயோ என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

“மறக்கேல்லை. அம்மாவுக்கு அவருக்காகக் காத்திருக்கத் தெரியும். எனக்கு அப்பான்ரை குரல் மறந்துபோச்சு மாமா. ஒரு படங்கூட இல்லை. முகமும் மறக்கிறதுக்குள்ளை ஒருக்கால் படைப்பம்.”

நான் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டு, படைப்பம் என்றேன்.

ஆகவே உறவினர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். அக்காவின் திவசத்துக்கு முதல் நாள் பொழுதுபடப் பின்வளவில் அத்தானுக்கு ஓர் இலை போட்டிருப்போம். மருமகள் பொரித்திருப்பாள். அக்காவின் சொல்லை மீறினோம் என்று எவரும் அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல வேண்டாம். சொல்வதென்றால் என்னைச் சொல்லுங்கள்.

அக்காவின் கால் புண்ணைத் தன் பிள்ளையின் புண் போலக் கழுவிக் கட்டிய றீற்றாக்காவுக்கு இந்தக் குடும்பம் கைமாறு செய்ய முடியாது. இல்லாத காலத்தில் இருந்ததைக் கொண்டு பார்த்த வைத்தியர்கள், தாதிமார், தம் வீட்டுக் குளிசையில் பாதியைப் பகிர்ந்து தந்த அயலவர்கள், குண்டுச் சத்தத்துக்குள்ளும் சுடலைவரை தோள் கொடுத்த இளைஞர்கள், வேறு தாள் கிடையாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் என்றாலும் இந்த மலரை அச்சிட்டுத் தந்த அச்சகத்தார் எல்லாருக்கும் எங்கள் நெஞ்சு நிறைந்த நன்றி. துயரில் பங்குகொண்ட ஒவ்வொருவருக்கும் அப்படியே.

இன்னும் ஒருவருக்கு ஒரு சொல் இருக்கிறது. அத்தான், நீங்கள் எங்கேயாவது இருந்து, எவர் கையிலாவது இந்த மலரைக் கண்டு, இந்தப் பக்கம்வரை வாசித்தீர்கள் என்றால் எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களை வேண்டாமென்று நாங்கள் இலை போடவில்லை. இந்த வீட்டில் காத்திருக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் போய்விட்டார்.